கிண்ணைநிழலின் கொப்பி

மட்டக்களப்பு
12.02.2005

மதிப்புக்குரிய திருமதி இலட்சுமிப்பிள்ளை வினாயகமூர்த்தி அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் றஜனி ஜெயராஜா. வந்தாறுமூலை வளாக நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். உங்கள் கணவரை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் வாவிக் கரைக் கிண்ணை மரத்தை வைத்து 'கிண்ணைநிழல்' என்ற பெயரில் எழுதி, இரண்டு புத்தகங்களாக வந்த நாற்பத்தொரு கவிதைகளும் எனக்கு மனப்பாடம்.

சுனாமியன்று கல்லடியில் அச்சகக்காரர் வீட்டில் தங்கியிருந்த அவரைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று பேப்பரில் வாசித்தேன். ஒன்றரை மாதமாக இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் ஏழு வீட்டில் சாவு. ஆறுதல் சொல்லிச் சொல்லி என் வாய் மரத்துப் போய்விட்டது. அதனால் எனக்குச் சொல்ல வருகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் கணவர் மிகப் பெரிய கவிஞர்.

பிறந்த நாளிலிருந்து வாவிக் கரையில் கண்டல் மரத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் இதை வாசித்த பிறகுதான் அதைப் பார்த்தேன்:

*எல்லா மரமும் விதையைத்தான் விடும்.*
*கண்டல் மட்டும்*
*முளைக்க வைத்த பிறகு கைவிடும்.*
*போ என்று தண்ணீரில் விடுகிறது.*
*எந்தக் கரை என்று*
*தண்ணீரிடம் கேட்பதில்லை.*

வாசித்த மறுநாள் வேலைக்குப் போகாமல் கரையில் போய் நின்றேன். உண்மையாகவே முருங்கைக்காய் மாதிரி நீளமாக, முளையோடு தொங்குகிறது. எத்தனை வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. இது இடம்பெயர்ந்து போன எங்கள் சனத்தைப் பற்றிய கவிதை என்று நினைக்கிறேன். பெற்ற மண்ணே பிள்ளைகளைத் தண்ணீரில் விட்ட கதை. நான் நினைப்பது சரியா?

மூன்றாவது புத்தகத்துக்கென்று அச்சகத்தில் கொடுத்த தாள்கள் கடலோடு போய்விட்டன என்கிறார்கள். வீட்டில் அவர் கையால் எழுதி வைத்த கொப்பி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? இருந்தால் அதை அச்சிட நான் ஓடித் திரிவேன். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் தெரியவில்லை. இருந்தால் அவர்களுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரைக்குத் தபால் எப்போது வரும் என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. குருமண்வெளியில் ஆட்களை ஏற்றி அக்கரை விடுகிற 'பாதை' மிதவைக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

றஜனி

---

படுவான்கரை
05.03.2005

றஜனி மிஸ்சுக்கு,

கடிதம் கிடைத்தது. பாதைக்காரர் நாலு நாள் சட்டைப் பையில் வைத்திருந்து வேர்வையோடு தந்தார்.

நீங்கள் கவிஞர் என்று சொல்கிற மனிதர் எங்கள் ஊரில் வட்டை விதானை. வட்டை என்றால் உங்களுக்கு விளங்கும்தானே, வயல் பரப்பு. எந்த நாள் விதைப்பது, எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, யாருடைய மாடு யாருடைய பயிரில் வாய் வைத்தது என்று தீர்த்து வைப்பது அவர் வேலை. சண்டை பிடித்துக்கொண்டு வந்தவர்கள் வாசற்படலையில் நிற்க, இவர் வரம்பில் குந்தி நண்டு வளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். செத்த வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பாட்டு எழுதுகிறவர் என்றே தெரியாது. நீங்கள் நாற்பத்தொன்று என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். எனக்கே எண்ணிக்கை தெரியாது.

கண்டல் பாட்டைப் பற்றி வடிவாக எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் மிஸ், கண்டல் என்றால் முதலில் கண்டல்தான். அதற்குப் பிறகுதான் சனம்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் முன்பு ஒரு சஞ்சிகையில் அவருடைய விரால் பாட்டைப் பற்றி எழுதியதை அவர் எனக்கு வாசித்துக் காட்டினவர்.

*விராலுக்குத் தெரியும்*
*குஞ்சு நிற்கிற இடத்தில்தான்*
*தூண்டில் விழும் என்று.*
*அது தூரப் போய்*
*துள்ளிக் காட்டுகிறது.*

விரால் எவ்வளவு உண்மையாக வரையப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் விராலைக் கறிச்சட்டியில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். குளத்தில் விரால் குஞ்சு துரு நிறத்தில் கும்பலாக மேலே மிதக்கும். தாய் தகப்பன் நேர் கீழே நிற்கும். மீன் பிடிக்கிறவன் அந்தச் சிவப்பைக் கண்டுதான் தூண்டிலைப் போடுவான். பிள்ளையைக் கொண்டுதான் பெற்றவர்களைப் பிடிப்பார்கள். விரால் ஒரு நாளும் குஞ்சை விட்டு விலகிப் போய்த் துள்ளிக் காட்டாது. அவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் மாற்றி எழுதியிருக்கிறார். நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நல்லாகச் சிரித்தவர்.

கொப்பி ஒன்று இருக்கிறது. தருவதா என்று யோசிக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தனியேதான் இருக்கிறேன்.

இலட்சுமிப்பிள்ளை

---

மட்டக்களப்பு
20.03.2005

அன்புள்ள அக்கா,

இனி உங்களை அக்கா என்றுதான் எழுதப் போகிறேன். என்னை மிஸ் ஆக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். முதல் தடவை முகம் சுட்டது. பிறகு எழும்பி அறைக்குள் நடந்தேன். எங்கள் அம்மா திரேசம்மா, "என்னடி, காதல் கடிதமா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் போகிற போக்கில் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அவர் எழுதியதெல்லாம் அச்சொட்டாக உண்மை. பனி பெய்த விடியலில் கதிர் எப்படி நிற்கும் என்று எழுதியிருக்கிறாரே:

*தலையைத் தூக்கப் பார்த்து*
*இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று*
*குனிந்துகொள்கிறது.*

இதை ஒரு விவசாயியிடம் காட்டினேன். "ஓம் புள்ள, வெயில் ஏறினாத்தான் நிமிரும்" என்றார். இப்படி ஒரு புல், ஒரு பூச்சியில்கூடப் பிழை விடாத மனிதர் விராலில் மட்டும் பொய் சொல்கிறார் என்றால், அந்தப் பொய்க்குள்தான் எதையோ வைத்திருக்கிறார். இதுவரை நான் அவர் எழுதிய உண்மைகளுக்குள் தேடினேன். இனி அவர் இயற்கையை மாற்றிய இடங்களில் தேடப் போகிறேன். இந்த வழியை நீங்கள்தான் காட்டினீர்கள். எந்தப் பேராசிரியரும் காட்டவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். நாற்பத்தொரு கவிதையிலும் ஒரு மனிதப் பெயர் இல்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வீடு என்ற சொல்கூட இல்லை. இவ்வளவு பாசமாகப் புல்லைப் பார்க்கிறவர் ஏன் ஒருவரையும் கூப்பிடவில்லை?

உங்கள் தங்கச்சி
றஜனி

---

படுவான்கரை
18.04.2005

தங்கச்சி றஜனிக்கு,

வருசப் பிறப்பு முடிந்தது. இந்த வருசம் பலகாரம் சுடவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். சூடு மிதிக்கிற களத்தை நாங்கள் களவெட்டி என்போம். அங்கே இறங்கினால் ஒரு பொருளையும் அதன் பெயரால் கூப்பிடக் கூடாது. நெல் அள்ளுகிற ஓலைக் கடகத்துக்குப் பெருவாயன் என்று சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாரிக்காலன். நெல் என்று வாய் தவறிச் சொன்னால்கூட ஆட்கள் முறைப்பார்கள், அது பொலி. பெயரைச் சொன்னால் சுற்றி நிற்கிற பூதங்களுக்குக் கேட்டுவிடும், விளைச்சலைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. இப்போது மெசினில் அடிக்கிறார்கள். அந்த இரைச்சலில் பூதத்துக்கு என்னதான் கேட்கப் போகிறது. ஆனாலும் எங்கள் வீட்டு மனிசன் மெசினுக்குப் பக்கத்தில் நின்றும் பெருவாயனை எடு என்றுதான் கத்துவார். பொடியன்கள் சிரிப்பார்கள்.

அவருக்குப் பன்னிரண்டு மாதமும் களவெட்டிதான். எதைக் கையில் வைத்திருக்க ஆசைப்பட்டாரோ அதன் பெயரைச் சொல்ல மாட்டார். என்னை இருபது வருசத்தில் ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பார். அவ்வளவுதான். அதில் எனக்குக் கோபமும் உண்டு.

உங்கள் கடிதங்களை வாசித்த பிறகு கொப்பியைத் திறந்து பார்த்தேன். பதினேழு பாட்டு இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறேன். இது நீங்கள் வாசிக்க மட்டும்.

*ஊருக்கு வடக்கே ஓர் உமிமேடு.*
*காகம் இருக்கிறது, ஆடு படுக்கிறது.*
*சூடு ஒருவருக்கும் தெரியவில்லை.*
*நடுவில் ஒரு நெல்*
*உரிபடாமல் கிடக்கிறது.*

இந்த வீட்டில் இப்போது என்னோடு பேச ஆள் இல்லை. பாதைக்காரர் கடிதம் கொண்டுவருகிற நாளில் நான் இரண்டு கோப்பை தேத்தண்ணி போட்டு இரண்டையும் நானே குடிக்கிறேன்.

இலட்சுமி அக்கா

---

மட்டக்களப்பு
13.06.2005

என் அன்பான அக்கா,

இத்துடன் நேற்றைய ஞாயிறு வாரப் பதிப்பில் வெட்டிய பக்கம் இருக்கிறது. முழுப் பக்கம். ஆசிரியர் ஒரு வரிகூட வெட்டவில்லை. தலைப்பு: 'நடுவில் ஒரு நெல்.'

உமிமேட்டுக் கவிதையை நான் வாசிக்க மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். தெரியும். ஆனால் அக்கா, இவ்வளவு பெரிய கவிதையை அலுமாரியில் பூட்டி வைத்தால் அது அவருக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. ஒரு மாதம் அதோடுதான் தூங்கி எழும்பினேன். படுவான்கரையில் வாழ்ந்தவர், பக்கத்தில் மில் ஒன்றும் இல்லாதவர், ஏன் வடக்கே ஓர் உமிமேட்டுக்குப் போகிறார்? இரண்டாவது புத்தகத்தின் சமர்ப்பணத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'ஓட்டமாவடி உசனாருக்கும் அவர் மில் முற்றத்துக்கும்.'

ஆகவே இப்படி எழுதினேன்: அந்த உமிமேடு ஓட்டமாவடி மில்லில் இருக்கிறது. மேலே சாம்பல், உள்ளே கனல். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் எரித்த காலத்துக்குப் பிறகும், அந்த மேட்டின் நடுவில் உரிபடாமல் கிடக்கிற நெல், இரண்டு நண்பர்களுக்கு இடையில் இருந்த நம்பிக்கை. களவெட்டி வழக்கத்தையும் எழுதியிருக்கிறேன். 'இழக்க விரும்பாததை இந்தக் கவிஞர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எங்கே பெயர் இல்லையோ அங்கே அவருடைய உயிர் ஒளிந்திருக்கிறது' என்று முடித்தேன். கொழும்பிலிருந்துகூட ஒருவர் டெலிபோன் எடுத்துப் பாராட்டினார். அந்தப் பாராட்டு உங்களுக்குச் சேர வேண்டியது.

மிச்சப் பதினாறையும் எப்போது காட்டுவீர்கள்?

றஜனி

---

படுவான்கரை
20.06.2005

றஜனி மிஸ்,

ஓம், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஆர்த்திகா. பதினாறு வயது. இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று கேட்டு வருகிறவர்கள் இரண்டு வருசத்துக்கு முதல் எங்கள் படலைக்கும் வந்தார்கள். அடுத்த கிழமையே அவர் மகளைக் கொண்டுபோய் உசனார் அண்ணன் வீட்டில் விட்டார். ஊருக்கு, அவள் கொழும்பில் சித்தி வீட்டில். அங்கே மில் வளவுக்குள் அவள் உசனார் அண்ணனின் மனைவி றமீஸா அக்காவின் தங்கச்சி மகள். தலையில் முக்காடு போட்டு வேறு பெயரில் பள்ளிக்கூடம் போனாள். நான் மாதம் ஒருக்கால் தேங்காய் விற்கிற சாட்டில் போய், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வருவேன். அவளைத்தான் அவர் அந்தப் பாட்டில் வைத்திருந்தார்.

பேப்பர் ஞாயிற்றுக்கிழமை வந்தது. உசனார் அண்ணனும் இலக்கியப் பக்கம் வாசிக்கிறவர். உங்களைவிட வேகமான வாசகர். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் றமீஸா அக்கா என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொலன்னறுவைக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மில் வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள். "வினாயகமூர்த்திர மகள் எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று உசனார் அண்ணன் சொன்னாராம். உமிமேட்டைக்கூடக் கம்பியால் குத்திப் பார்த்தார்களாம். போகும்போது அவர் கன்னத்தில் ஒன்று.

அந்த நெல்லுக்கு நீங்கள் சொன்ன கருத்துப் பிழை. ஆனால் விலாசம் சரி.

பொலன்னறுவையிலிருந்து அவளை எந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். என் வாயை நான் நம்பவில்லை. ஒரு தடவை திறந்து பார்த்தேன், உங்களிடம்.

மாதம் ஒருக்கால் பார்த்த முகமும் இனி இல்லை. எழுத வேண்டாம். பாதைக்காரரிடமும் சொல்லிவிட்டேன், உங்கள் கடிதம் வந்தால் வாங்க மாட்டேன் என்று.

இலட்சுமிப்பிள்ளை

---

மட்டக்களப்பு
14.04.2007

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு வருடம் எழுதவில்லை. போன மாதம் படுவான்கரை முழுக்கச் செல் குண்டு விழுகிறது, சனம் பாதையிலும் தோணியிலும் இந்தக் கரைக்கு வருகிறது என்று கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. இதை ஐந்து முகாம்களுக்கு ஐந்து பிரதியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. அது உங்களுக்கு எந்த வேலையும் செய்யாது. நான் ஒரு கவிதையை அளவுக்கு மிஞ்சி நேசித்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். கவிதையை நேசித்ததைவிட, அதைத் திறந்தவள் நான் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை. அதற்குப் பிறகு நான் ஒரு கட்டுரையும் எழுதவில்லை.

நீங்கள் உயிரோடு இருந்தால், எந்த முகாம் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அனுப்புங்கள். உடுப்பும் பால்மாவும் வைத்திருக்கிறேன். யார் கொடுத்தது என்று சொல்லாமல் கொடுக்கச் சொல்வேன்.

றஜனி

---

படுவான்கரை
21.08.2009

தங்கச்சி றஜனிக்கு,

உங்கள் கடிதம் முகாமில் எனக்குக் கிடைத்தது. பதில் எழுதவில்லை. ஆனால் அதைத் தந்த பொடியனே பிறகு பால்மாவும் கொண்டுவந்தான். யார் அனுப்பியது என்று சொல்ல மறுத்தவனின் முழியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். குடித்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வைகாசியில் ரேடியோவில் கேட்டேன். எனக்குச் சந்தோசப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. வீட்டுக் கூரை போய்விட்டது. கிணறு இருக்கிறது. போன மாதம் றமீஸா அக்கா கம்பளையிலிருந்து என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து படலையில் நின்றார். நாலு வருசம். என்னைவிட உயரமாகிவிட்டாள். நான் கையைப் பிடித்தபோது "உம்மா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்படிக் கூப்பிட்டாலும் சரி மகள் என்றேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நிற்கிறவள் அவள்தான். அவள் கையில் இருக்கிற கொப்பியை நான் இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்று முகாம் மாறினேன்.

ஏன் அனுப்புகிறேன் என்று சொல்கிறேன். அவளுக்குத் தகப்பன் மேல் வெறுப்பு. "அப்பா என்னக் கொண்டுபோய் விட்டிட்டு ஒருக்காவும் வரல்ல. கடைசில புத்தகம் அடிக்கப் போய்க் கடல்ல செத்திட்டார்" என்கிறாள். எனக்கும் அதே கோபம்தான். நான் தேங்காய்ச் சாக்கைச் சுமந்துகொண்டு போவேன். அவர் வர மாட்டார். என் பின்னால் கண் இருக்கிறது என்பார். ஐந்து வருசமாகச் செத்த மனிசனோடு சண்டை பிடித்துக் களைத்துவிட்டேன்.

நீங்கள் இந்தப் பாட்டுகளை விளங்கப்படுத்தினால் ஆபத்து என்று ஒரு காலம் இருந்தது. இப்போது நீங்கள் விளங்கப்படுத்தாவிட்டால் என் பிள்ளை தகப்பனை வெறுத்தபடியே இருந்துவிடுவாள். அவர் அவளைப் பற்றி எழுதியது எது, எங்கே ஒளித்து வைத்தார் என்று சொல்லுங்கள். எனக்கு அது வராது. உங்களை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். இந்த வேலைக்கு உங்களைவிட ஆள் இல்லை.

இலட்சுமி அக்கா

---

மட்டக்களப்பு
02.09.2009

அன்புள்ள அக்கா,

ஆர்த்திகா இங்கே பத்து நாள் இருந்தாள். நாளை வீட்டுக்கு வருவாள். இந்தக் கடிதம் அவள் கையில் இல்லை, தபாலில் அனுப்புகிறேன், ஏனென்றால் அவள் சொல்வதற்கு முன் நான் சொல்ல ஆசைப்படவில்லை.

முதல் நாள் கதவைத் திறந்தபோது அவள் பெயர் சொன்னாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "நீங்கதானே அந்தப் பேப்பர் மிஸ்? உசனார் மாமா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் பர்சுக்குள்ள வச்சிருந்தவர். பிழையா விளங்கினாலும் நல்லா எழுதியிருக்கா எண்டு சொல்லுவார்" என்றாள். நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

விரால் பாட்டிலிருந்து தொடங்கினேன். இயற்கையில் விரால் இப்படிச் செய்யாது, உன்னுடைய அப்பாதான் இதைச் செய்தார் என்றேன். குஞ்சு இருக்கிற பக்கம் தலை வைத்தும் பார்க்காமல், தூரத்தில் வட்டைக்குள் நின்று எல்லாருக்கும் தன்னைக் காட்டினார் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டல் பாட்டைச் சொன்னேன். உமிமேட்டுக்கு வந்தபோது, எந்த மேடு என்று கேட்காமலே, "அதுக்குப் பக்கத்திலதான் நான் உடுப்புக் காயப்போடுற" என்றாள். ஆனால் அவள் முகம் இளகவில்லை. "இதெல்லாம் வடிவாத்தான் இருக்கு மிஸ். பாட்டில வந்தார், நேர வரல்லதானே" என்றாள். சொல்ல வந்த நல்ல வசனங்களை எல்லாம் விழுங்கிவிட்டேன்.

அக்கா, அந்தக் கொப்பியில் பதினாறு கவிதைகளை என்னால் வாசிக்க முடிந்தது. எல்லாம் அவருடைய உச்சம். ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதை, மற்றக் காலை எங்கே வைத்தோம் என்று மறந்ததாக எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. மற்றதைப் போல அழகாகவும் இல்லை. அச்சில் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

*வெள்ளி தோறும்*
*குளத்தங்கரைக்குப் போகிறேன்.*
*கல் எறிவதில்லை, கால் நனைப்பதில்லை.*
*மீன் இருக்கிறதா என்று*
*கரைக்காரனிடம் மட்டும் கேட்கிறேன்.*
*இருக்கிறது, நல்லா இருக்கிறது என்கிறான்.*
*திரும்பி வருகிறேன்.*

ஆறாம் நாள் இதை அவளுக்கு வாசித்தேன். எனக்கு விளங்கவில்லை என்றும் சொன்னேன். மீன் பிடிக்காத ஒருவர் ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டும், நாலைந்து விளக்கம் யோசித்தேன், ஒன்றும் பொருந்தவில்லை என்றேன்.

அவள் கொப்பியை என் கையிலிருந்து வாங்கினாள். தானே ஒரு தடவை வாசித்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு உசனார் மாமா வந்து சாப்பிடக் குந்தினா ஒரு டெலிபோன் கோல் வரும். எந்த வெள்ளியும் தவறாது. மாமா எடுத்து, 'ம். இரிக்கி, நல்லா இரிக்கி' எண்டு மட்டும் சொல்லிட்டு வச்சிருவார். நான்தான் சோறு போட்டுக்கொண்டு பக்கத்தில நிப்பன். நெல் யாவாரி எண்டு நினைச்சன். ஒருநாள் மாமாட்டக் கேட்டன், யாரு எண்டு. ஒரு கூட்டாளி எண்டார். கடல் வந்த பிறகு அந்தக் கோல் வரல்ல. நான் அதையும் கவனிக்கல்ல மிஸ்."

ஒன்றரை வருடம், அக்கா. எழுபது வெள்ளிக்கிழமைக்கு மேல் வரும். லைனை யாரும் ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் மகளிடம் கொடு என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. அவள் ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறாள்.

நாற்பத்தொன்றையும் மனப்பாடம் செய்தவள் நான். அவர் எழுதியதிலேயே பெரிய கவிதையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி எழுதியிருக்கிறார். அந்த ஆள் வாசிக்கும் என்று அவருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. என்ன துணிச்சல், என்ன நம்பிக்கை. இப்படி ஒரு கவிஞரை நான் இனிக் காணப் போவதில்லை.

அவள் அன்று பின்னேரம் முழுக்க அழுதாள். பிறகு எழும்பி முகம் கழுவிவிட்டு, "கொக்குப் பாட்டைத் திரும்ப வாசிங்க" என்றாள். வாசித்தேன். சிரித்தாள்.

புத்தகம் வரும். வெள்ளிக்கிழமைப் பாட்டும் வரும். அதற்கு நான் குறிப்பு எழுதவா, வேண்டாமா என்று நீங்கள் இருவரும் சொல்லுங்கள். இந்தத் தடவை நீங்கள் சொல்வதைக் கேட்பேன்.

உங்கள் தங்கச்சி
றஜனி

---

படுவான்கரை
11.09.2009

தங்கச்சி,

மகள் வந்து சொன்னாள். அடுத்த நாள் உங்கள் கடிதமும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு கிழமை போய்விட்டது. இன்றுதான் பேனையை எடுக்கிறேன்.

நல்லா வாசித்திருக்கிறீர்கள். விளங்கவில்லை என்று அவளிடம் சொன்னீர்களே, அதுதான் பெரிய வாசிப்பு. அன்று இதைச் சொல்லியிருந்தால் என்று ஒரு நிமிசம் நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அடுத்த மாதம் விதைப்பு முடிய வாருங்கள். கூரை போட்டுவிட்டோம். படுக்க இடம் இருக்கிறது.

குறிப்பு எழுதுங்கள். மகளும் எழுதட்டும் என்கிறாள். ஆனால் நான் சொல்லப் போவதை அதில் போட வேண்டாம். இது உங்களுக்கு மட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் விடியவே குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பாதையேறி அக்கரை போவார். களுவாஞ்சிக்குடியில் கோயிலுக்கு என்பார். அங்கே கோல் எடுக்கிற கடை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அது என் புத்தியில் ஓடவில்லை. பின்னேரம் திரும்பி வந்து, கடதாசியில் மடித்த திருநீற்றை என்னிடம் நீட்டுவார். நான் ஒருநாளும் கை நீட்டி வாங்கவில்லை. பெற்ற பிள்ளையை எட்டிப் பார்க்காத மனிசனுக்குக் கோயில் என்ன கேடு என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளியும் கேட்டேன். சோற்றை வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். தானே போட்டுச் சாப்பிடுவார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடச் சாப்பிடுவார். அதற்கும் எனக்குக் கோபம் வரும். பிள்ளை நல்லா இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு வந்த பசி அது என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்தக் கொப்பியை ஐந்து வருசம் வைத்திருந்தேன், முகாம்களில் இடுப்பில் கட்டித் திரிந்தேன். வெள்ளி என்ற சொல்லை எத்தனை தடவை வாசித்திருப்பேன்.

பூதத்துக்குக் கேட்கும் என்று ஊருக்குச் சொல்லவில்லை, சரி. பிள்ளைக்குச் சொல்லவில்லை, அதுவும் சரி. எனக்காவது சொல்லியிருக்கலாம், தங்கச்சி. நான் திருநீற்றை வாங்கியிருப்பேன்.

இலட்சுமி அக்கா